காட்டுச் செம்மறியின் கொம்பு வளையம்: எண்ணினால் வயது சரியாக வருமா?

செல்வி_விலங்கியல்

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சூழலியல் தாளில் வாழ்நாள் அட்டவணை என்றாலே ஓர் உதாரணம் வரும்: அலாஸ்காவின் டால் செம்மறி. மெக்கின்லி மலைப் பகுதியில் (இப்போது டெனாலி தேசியப் பூங்கா) அடால்ஃப் மியூரி ஓநாய்களை ஆராயப் போனவர். போன இடத்தில் செத்த ஆடுகளின் மண்டையோடுகளையும் சேர்த்தார். அவற்றில் 608 மண்டையோடுகளை வைத்து 1947-இல் எட்வர்ட் டீவி என்ற சூழலியலாளர் அட்டவணை போட்டார். ஆயிரம் குட்டிகள் பிறந்தால் முதல் ஆண்டு முடிவில் உயிரோடு இருப்பவை 801, எட்டாவது வயதில் 571, பன்னிரண்டாவது வயதில் வெறும் 6. மூன்று வருடமாக இந்த எண்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறேன்.

நேற்றுதான் உறைத்தது. ஆடு எந்த வயதில் செத்தது என்பதையே கொம்பு வளையத்தை எண்ணித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு வளையம்தான் விழும் என்று எப்படித் தெரியும்? வகுப்பில் கேட்டேன், "மரத்து வளையம் மாதிரிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள்.

சந்தேகி

மரத்து வளையம் மாதிரி என்றால் முடிந்தது கதை. வறட்சி வந்தால் மரத்திலேயே பொய் வளையம் விழும். ஆட்டுக்குக் காய்ச்சல் வந்தால் ஒன்று, சண்டையில் அடிபட்டால் ஒன்று என்று விழாதா? 608 மண்டையோடும் தோராயம்தான் என்று எழுதிவிட்டுப் போங்கள், மார்க் வரும்.

ஆங்கரேஜ்வாசி

செல்வி, நல்ல கேள்வி. பதினாறு வருடமாக அலாஸ்காவில் இருக்கிறேன். வேட்டைக்காரன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்காரர். அவர் வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து கொம்பு எண்ணக் கற்றுக்கொண்டவன் நான்.

முதலில் மரத்தை மறந்துவிடுங்கள். மரத்தில் புதிது வெளியே, பழையது நடுவில். கொம்பில் நுனிதான் மிகப் பழையது, அடிதான் புதிது. உள்ளே எலும்பு, அதன் மேல் கெரட்டின் உறை. நம் நகம் எந்தப் பொருளோ அதே. கடற்கரையில் சுண்டல் விற்பவர் காகிதப் பொட்டலங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பாரே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். புதுப் பொட்டலம் அடியிலிருந்து உள்ளே நுழைந்து பழையதை மேலே தள்ளுகிறது. ஒவ்வொன்றின் விளிம்பு மட்டும் வெளியே தெரியும். அந்த விளிம்புதான் வளையம். மான் கொம்பு போல ஆண்டுதோறும் உதிர்வதில்லை என்பதால், குட்டியாக இருந்தபோது முளைத்த நுனிகூடச் சாகும்வரை கூடவே வரும், உடையாமல் இருந்தால்.

ஏன் ஆண்டுக்கு ஒன்று? குட்டி பிறப்பது மே, ஜூனில். கோடையில் புல் கொழிக்கும், கொம்பு வேகமாக வளரும். பிறகு பனி மூடும், தீனி குறையும். நவம்பர், டிசம்பரில் கிடாக்களுக்கு இணைசேரும் பருவம். தின்பதை விட்டுப் பெட்டைகளுக்குப் பின்னால் ஓடுவதும் முட்டிக்கொள்வதுமாகப் போகும். குளிர்காலத்தில் கொம்பு வளர்ச்சி ஏறக்குறைய நின்றே விடுகிறது. வசந்தத்தில் மறுபடி தொடங்கும்போது பழைய விளிம்புக்கும் புதியதுக்கும் இடையே ஒரு பள்ளம் விழுகிறது. சுருக்கமாக, நீங்கள் எண்ணுவது அந்த ஆடு தாண்டிய குளிர்காலங்களை.

சந்தேகி சார், காய்ச்சலுக்கும் வரி விழலாம், மறுக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிடைக்காரர்

சிவகங்கைப் பக்கம். மூன்று தலைமுறையாகக் கிடை போடுகிற குடும்பம். எங்கள் ஊரில் ஆட்டு வயதுக்குக் கொம்பை யாரும் பார்ப்பதில்லை. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். பால் பல் இருந்தால் ஒரு வயதுக்குள் அல்லது சற்று மேல். ரெண்டு பல் போட்டால் ஒன்று, ஒன்றரை. அப்புறம் நாலு பல், ஆறு பல், எட்டுப் பல். எட்டும் முளைத்தால் நாலு வயது என்று கணக்கு. சந்தையில் தரகர் துண்டுக்குள் கை போட்டு விலை பேசும் முன் ஆட்டின் உதட்டைத்தான் விலக்குவார். நீங்கள் ஏன் கொம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?

கால்நடை_மருத்துவர்

கிடைக்காரர் அண்ணா சொல்வது முற்றிலும் சரி, ஆனால் நான்கு வயது வரைதான். எட்டுப் பல்லும் முளைத்த பிறகு அதே வாய் ஐந்து வயதா ஒன்பது வயதா என்று சொல்ல, தேய்மானத்தையும் இடைவெளியையும் பார்த்து ஊகிக்க வேண்டும். கல்லும் மண்ணும் கலந்த மேய்ச்சலில் பல் சீக்கிரம் தேயும். காட்டுச் செம்மறியிலும் நிரந்தர முன்பற்கள் நான்கு வயதுக்குள் வந்து முடிந்துவிடும். செல்வியின் அட்டவணையில் முக்கியமான பகுதியே எட்டு வயதுக்கு மேல்தான். அங்கே பல் கைவிடும், கொம்பு கைகொடுக்கும்.

பல்லைக் கொண்டும் வேறு வழி உண்டு. முன்பல்லைப் பிடுங்கி, வேரை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் வேரைச் சுற்றிய சிமெண்டம் படலத்திலும் ஆண்டு அடுக்குகள் தெரியும். ஆய்வகம் வேண்டும், காசு வேண்டும். மலை மேல் நின்றுகொண்டு செய்ய முடியாது.

மாட்டுக்குக் கொம்பு வளையம் பார்க்கிற பழக்கம் நம்மிடமும் உண்டே. பசுவின் கொம்பு வளையங்களை எண்ணி இரண்டு கூட்டினால் வயது என்று பழைய கணக்கு. அது பெரும்பாலும் ஈற்றின் கணக்கு. சினைக்காலத்தில் சத்து குறைந்து வளையம் விழுகிறது. குளிரோ, சினையோ, உடம்புக்கு ஆண்டுதோறும் ஒரு நெருக்கடி வந்தால் கொம்பில் பதிகிறது. கொம்பை அழகாகச் சீவி எண்ணெய் தடவிச் சந்தைக்குக் கொண்டுவரும் வியாபாரிக்கும் இது தெரியும்.

கிடைக்காரர்

அந்தச் சீவல் வேலையில் நானே ஒருதரம் ஏமாந்திருக்கிறேன். சரி, கொம்பைப் பற்றியே பேசுங்கள்.

சந்தேகி

யாராவது பிறந்த தேதி தெரிந்த ஆட்டின் கொம்பை எண்ணிப் பார்த்திருக்கிறார்களா? அதுதான் கேள்வி. மற்றதெல்லாம் விளக்கம்.

ஆங்கரேஜ்வாசி

பார்த்திருக்கிறார்கள். டாலின் உறவான பிக்ஹார்ன் என்ற வட அமெரிக்கக் காட்டுச் செம்மறியில் இந்தக் கணக்கு செல்லுமா என்பதற்கென்றே வேலரியஸ் கைஸ்ட் என்ற விலங்கியலாளர் 1966-இல் ஒரு கட்டுரை எழுதினார். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராம் மவுண்டன் என்ற இடத்தில் 1970-களின் தொடக்கத்திலிருந்து ஒரே மந்தையைக் கவனித்து வருகிறார்கள். சிறு வயதிலேயே பிடித்துக் காதில் அடையாளம் போட்டு, பிறகு மறுபடி மறுபடி பிடித்துக் கொம்பை அளந்தார்கள். பிறந்த ஆண்டு தெரியும், கொம்பும் கையில் இருக்கிறது. கிடாக்களில் வளையக் கணக்கு நிற்கிறது.

கிடாக்களில் என்று சொன்னதைக் கவனியுங்கள். பெட்டையின் கொம்பு சிறியது, மெல்லியது. மூன்று நான்கு வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு வளர்வது மிகச் சொற்பம், வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அங்கே நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

செல்வி_விலங்கியல்

அய்யோ, டீவி அட்டவணையில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதானே இருக்கிறது!

சந்தேகி

அதைத்தான் முதல் பதிவிலேயே சொன்னேன் தங்கையே.

லே_பயணி

இடையில் நுழைகிறேன். லடாக்கில் மலையேறப் போனபோது ஊர் எல்லைகளில் லாதோ என்ற சிறு தெய்வ மேடைகளைப் பார்த்தேன். சுள்ளிக் கட்டு, கொடி, அதன் மேல் ஐபெக்ஸ் என்ற காட்டு வெள்ளாட்டின் கொம்பும் நீலச் செம்மறிக் கொம்பும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஐபெக்ஸ் கொம்பின் முன்பக்கம் தடித்தடியாக முடிச்சுகள். நான் பதினெட்டு எண்ணி, பதினெட்டு வயது ஆடு என்று முகநூலில் எழுதிப் பெருமைப்பட்டேன். இந்த இழையைப் படித்த பிறகு சந்தேகமாக இருக்கிறது.

கால்நடை_மருத்துவர்

அந்தப் பதிவை அழித்துவிடுங்கள் தம்பி :) முடிச்சு ஆண்டுக் கணக்கு இல்லை. ஆல்ப்ஸ் ஐபெக்ஸில் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு முடிச்சு வரும். ஆண்டு வளையம் கொம்பின் பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் மெல்லிய கோடாக இருக்கும். முன்பக்கம் பார்க்க அழகு, பின்பக்கம்தான் கணக்கு. நீலச் செம்மறி என்ற பரல், பெயரில்தான் செம்மறி. உண்மையான செம்மறிப் பேரினத்தில் சேராது. லடாக்கில் செம்மறிப் பேரினத்தைச் சேர்ந்தவை ஷாபுவும் நயனும்.

இன்னொன்று. அங்கே கீழே கிடந்தாலும் கொம்பை எடுத்து வராதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம்.

சந்தேகி

நம் வரையாட்டுக்கும் இப்படி எண்ணலாமா?

கால்நடை_மருத்துவர்

இரவிகுளத்திலோ ஆனைமலையிலோ கணக்கெடுக்கிறவர்கள் தூரத்திலிருந்து உடல் அளவையும் நிறத்தையும் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். முதுகில் வெளிறிய சேணம் போல் திட்டு விழுந்து, உடம்பு கறுத்திருந்தால் முதிர்ந்த கிடா. கொம்பைக் கையில் பிடித்து எண்ண யார் விடுவார்கள்? ஒரு சுவையான செய்தி: 2005-இல் வந்த மரபணு ஆய்வு வரையாட்டை இமயத்துத் தார் ஆட்டிடமிருந்து பிரித்துச் செம்மறிகளின் பக்கம் வைத்தது. பெயரில் ஆடு என்று பொதுவாகச் சொன்ன நம்மவர்கள் தப்பித்தார்கள்.

ஆங்கரேஜ்வாசி

சந்தேகி சார் கேட்ட பொய் வளையத்துக்கு வருகிறேன். ஒரு விளையாட்டு வைக்கலாம்.

இங்கே எண்ணுவது வெறும் ஆராய்ச்சி விஷயம் இல்லை. அலாஸ்காவின் பெரும்பாலான பகுதிகளில் டால் கிடாவைச் சுட வேண்டுமானால் மூன்றில் ஒன்று இருக்க வேண்டும்: ஒரு கொம்பாவது பக்கவாட்டில் பார்க்கும்போது 360 பாகை முழுச் சுருள் போட்டிருக்க வேண்டும், அல்லது இரண்டு கொம்பு நுனியும் உடைந்திருக்க வேண்டும், அல்லது வளையக் கணக்கில் குறைந்தது எட்டு வயது ஆகியிருக்க வேண்டும். பருவம் ஆகஸ்ட் 10-இல் தொடங்கும். சுட்ட பிறகு 30 நாளுக்குள் கொம்பை மாநில வனவிலங்குத் துறையிடம் கொண்டுபோய்க் காட்டி முத்திரை வாங்க வேண்டும். அங்கே அவர்கள் எண்ணுவார்கள். ஏழு வந்தால் வம்பு.

என் பக்கத்து வீட்டுக்காரரின் கிடாவுக்கு வலது நுனி மட்டும் உடைந்திருந்தது. இடது, முழுச் சுருளுக்கு இரண்டு விரல் குறைவு. ஆகவே வயது ஒன்றுதான் வழி. ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கி வைத்து நாற்பது நிமிடம் எண்ணினாராம். இடது கொம்பின் படத்தை இணைத்திருக்கிறேன், வெளிப்பக்கம் தெரியும்படி. ஆகஸ்டில் சுட்டது. எத்தனை வளையம்?

கிடைக்காரர்

ஏழு.

செல்வி_விலங்கியல்

எனக்கு எட்டு. நுனியிலிருந்து மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஒன்று லேசாகத் தெரிகிறது, அதையும் சேர்த்தேன்.

சந்தேகி

பதினொன்று. எல்லாக் கோட்டையும் எண்ணினேன். எண்ணக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

லே_பயணி

ஒன்பது! நுனிக்குப் பக்கத்தில் மங்கலாக ஒன்று இருக்கிறது, படத்தைப் பெரிதாக்கினால் தெரியும்.

ஆங்கரேஜ்வாசி

துறையின் கணக்கு ஒன்பது. லே_பயணி ஜெயித்துவிட்டார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர் வந்த வழி தப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நுனியில் முதல் நாலைந்து விரல் நீளம், குட்டியின் முதல் ஆண்டு. அதன் முடிவில் இருக்கும் வளையம் எப்போதும் மங்கல். வேகமாக வளர்கிற வயதில் பள்ளம் ஆழமாக விழாது. கிடைக்காரர் அண்ணாவும் செல்வியும் அதை விட்டுவிட்டார்கள். லே_பயணி பிடித்துவிட்டார், அதற்குப் பாராட்டு. அடுத்த இரண்டு துண்டுகள்தான் கொம்பிலேயே நீளமானவை. அப்புறம் ஆண்டுக்கு ஆண்டு துண்டு குறுகும். இந்த ஒழுங்கு மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நீளமான துண்டு, குட்டைத் துண்டு, மறுபடி நீளமான துண்டு என்று வந்தால், குட்டையைப் பிரித்த கோட்டின் மேல் சந்தேகம் வர வேண்டும்.

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் செல்வியும் லே_பயணியும் சேர்த்த கோடு அப்படிப்பட்டது. இப்போது பின்பக்கப் படத்தைப் பாருங்கள், இணைத்திருக்கிறேன். மற்ற பள்ளங்கள் எல்லாம் கொம்பை முழுதாகச் சுற்றிப் பின்னால் வந்து சேர்கின்றன. இது பாதியிலேயே நின்றுவிட்டது. பொய் வளையம். நோயோ அந்த ஆண்டுத் தீனிக் குறையோ ஏதோ ஒன்று. கை நகத்தால் தடவினாலே வித்தியாசம் தெரியும்: உண்மை வளையத்தில் நகம் இறங்கும், பொய்யில் வழுக்கும். சந்தேகி சார் எண்ணிய மீதிக் கோடுகள் செம்மறிக் கொம்பில் இயல்பாகவே இருக்கும் சுருக்க மடிப்புகள்.

ஆக லே_பயணிக்குப் பொய்யைச் சேர்த்தும் ஒன்பதுதான் வந்தது என்றால், எங்கோ ஓர் உண்மையை விட்டிருக்கிறார். எல்லோரும் விட்ட ஒன்று. அடியைப் பாருங்கள்.

லே_பயணி

அடியில் மயிர்தான் இருக்கிறது?

ஆங்கரேஜ்வாசி

மயிரை ஒதுக்க வேண்டும். கடைசிக் குளிர்காலத்து வளையம் மயிர்க்காலை ஒட்டிக் கிடக்கிறது. அதற்குக் கீழே இந்தக் கோடையில் வளர்ந்தது ஒரு விரல் அகலம்கூட இல்லை. வயசான கிடாவில் இதுதான் வாடிக்கையான தப்பு: அடியில் இரண்டு மூன்று வளையங்கள் பாய்ச் சுருள் ஓரம் போல நெருங்கிக் கிடக்கும், ஒன்று என்று எண்ணிவிடுவோம்.

கிடைக்காரர் அண்ணா: நுனியில் ஒன்று, அடியில் ஒன்று விட்டார், பொய்யில் ஏமாறவில்லை, ஏழு. செல்வி: அதே இரண்டை விட்டு, பொய் ஒன்றைச் சேர்த்து எட்டு. லே_பயணி: ஒன்றை விட்டு ஒன்றைச் சேர்த்து ஒன்பது. இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி.

மே மாதவாக்கில் பிறந்து ஆகஸ்டில் செத்தது, ஒன்பது குளிர்காலம் தாண்டியது. ஆக ஒன்பது வயது, மூன்று மாதம். பக்கத்து வீட்டுக்காரர் மலையில் எண்ணியது எட்டு.

கிடைக்காரர்

ஒன்பது வருசம் பனியில் பிழைத்த கிடா. வலது நுனி உடைந்ததற்கு வயது எப்படிப் பார்ப்பது? அந்தப் பக்கம் முதல் வளையமே போயிருக்குமே.

ஆங்கரேஜ்வாசி

சரியாகப் பிடித்தீர்கள் அண்ணா. அதனால்தான் நுனி முழுதாக இருக்கும் கொம்பில் எண்ணுவது. இரண்டும் போயிருந்தால், மிஞ்சியிருக்கும் முதல் துண்டின் நீளத்தையும் வளையத்தின் சுற்றளவையும் பார்த்து எத்தனை போயிருக்கும் என்று கூட்ட வேண்டும். பருமனான இடத்தில் முதல் வளையம் தொடங்கினால் நுனித் துண்டுகள் போய்விட்டன என்று அர்த்தம். டாலைவிட பிக்ஹார்ன் கிடாவில் இந்தத் தலைவலி அதிகம். நுனி தேய்ந்து மழுங்கிப் போவது அங்கே சர்வ சாதாரணம்.

சந்தேகி

ஒப்புக்கொள்கிறேன், வளையம் உண்மை. ஆனால் செல்வி, இப்போது உன் அட்டவணையைப் பார். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் ஆடுகள் கொத்துக் கொத்தாகச் சாகின்றன: 571, 439, 252, 96, 6. அடியில் வளையம் நெருங்குவதால் பதினொன்றைப் பத்து என்றும் பதின்மூன்றைப் பன்னிரண்டு என்றும் எண்ணியிருந்தால்? கிழட்டு ஆடுகள் இல்லாதது போலத் தோன்றும். அந்தச் சரிவு ஆட்டுடையதா, எண்ணியவருடையதா?

செல்வி_விலங்கியல்

அண்ணா, இதை எழுதிப் பார்த்தேன். எட்டு வயதுக்கு மேல் செத்ததாகப் பதிந்தவற்றில் ஒரு பங்கை ஓர் ஆண்டு தள்ளிப் போட்டால் சரிவு வலது பக்கம் நகர்கிறது, வால் கொஞ்சம் நீள்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஏறக்குறைய படுத்துக் கிடக்கும் கோடு அப்படியேதான் இருக்கிறது. இளமையைத் தாண்டிய ஆடு நடுவயதில் அபூர்வமாகவே சாகிறது என்பது தப்பவில்லை. ஓநாய்கள் பெரும்பாலும் குட்டியையும் கிழட்டையும் நோயுற்றதையும் பிடிக்கின்றன என்று மியூரி சொன்னதற்கு இது போதும்தானே?

கால்நடை_மருத்துவர்

போதும். நீங்கள் கவலைப்பட வேண்டிய ஓட்டை வேறு பக்கம் இருக்கிறது. அந்த 801. குட்டியின் மண்டையோடு மெல்லியது. ஓநாயும் நரியும் கடித்துத் தின்றுவிடும், மிஞ்சியதும் மக்கிவிடும். மியூரி கண்ணில் பட்டது கொஞ்சம்தான். ஆக முதல் ஆண்டில் 199 சாவு என்பது குறைவாகத்தான் இருக்கும். கிரேம் காக்லி என்ற சூழலியலாளர் 1966-இல் இதைச் சுட்டிக்காட்டினார். அவரும் கொம்பு எண்ணியவரே: 1904-இல் நியூசிலாந்தில் கொண்டுபோய் விட்ட இமயத்துத் தார் ஆடுகளின் வயதைக் கொம்பு வளையத்தாலும் பல் முளைப்பாலும் பார்த்து, 1965-இல் தனியாக எழுதினார். அங்கே குளிர்காலம் ஜூனில் தொடங்கும், வளையமும் அந்தப் பருவத்தில்தான் விழும்.

கொம்பில் தப்பு வந்தால் ஓர் ஆண்டு, மிஞ்சினால் இரண்டு. கிடைக்காத மண்டையோட்டில் ஆடே காணாமல் போகிறது.

செல்வி_விலங்கியல்

இது என் கருத்தரங்கத் தாளில் வரும். நன்றி சார்.

கிடைக்காரர்

ஆங்கரேஜ் தம்பி, அந்தக் கிடாவின் வாய்ப் படம் இருந்தால் போடுங்கள். ஒன்பது வயதில் அங்கத்திய ஆட்டுக்குப் பல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். எங்கள் மந்தையில் அந்த வயது வரை யாரும் வைத்திருப்பதில்லை.

ஆங்கரேஜ்வாசி

கேட்டுப் பார்க்கிறேன் அண்ணா. தாடை கொட்டகையில்தான் எங்கோ கிடக்கும். சனிக்கிழமை போடுகிறேன்.

லே_பயணி

பழைய ஐபெக்ஸ் படத்தைத் தேடி எடுத்தேன். பின்பக்கம் எடுக்கவே இல்லை. பதினெட்டு வயதுப் பதிவை அழித்துவிட்டேன்.